கஷாயத்தில் கரைந்த மாத்திரை

அன்புள்ள அத்தை,

உங்கள் மகனுக்குச் சளி. அடுப்பில் சுக்கும் மிளகும் கொதிக்கிற வாசனை கூடத்துத் தறிவரை வந்துவிட்டது. நீங்கள் இல்லாத முதல் மழைக்காலம் இது. கஷாயம் வைக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மருமகள் விமானம் ஓட்டுகிறாள் என்ற உங்கள் பெருமை ஆரணியில் நம் தெருவுக்கே தெரியும். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது வானத்தில் சத்தம் கேட்டால் போதும், "எங்க மருமவ போறா" என்பீர்கள். நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

சளி பிடித்தால் நான் மாத்திரை போடமாட்டேன் என்பதை மட்டும் உங்களால் தாங்க முடியாது. கடையில் கேட்டதும் கொடுக்கிற மாத்திரைதான். ஆனால் தூக்கம் வரும். விமானிகளுக்கு நடக்கும் சிறுநீர் சோதனையில் சில மருந்துகள் முதல் தடவை போதைப்பொருள் மாதிரியே காட்டிவிடும். எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "ஊரே முழுங்கிகினு தெம்பா கீது, உனக்கு மட்டும் இன்னாம்மா?" என்பீர்கள்.

கேப்டன் தேர்வுக்கு முன் விடுப்பில் தும்மிக்கொண்டே வந்தேன். கஷாயம் கொடுத்தீர்கள். ரொம்பக் கசந்தது. கஷாயம் இனிக்கவா செய்யும் என்று குடித்துவிட்டு, மறுநாள் சென்னைக்குக் கிளம்பினேன்.

விமான நிலையத்தில் போதைப்பொருள் சோதனைக்கு என் பெயர் வந்திருந்தது. ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். காத்திருந்தபோது உங்களுக்குப் போன் செய்து, சிறுநீர் சோதனை செய்யப்போகிறார்கள் என்று சொன்னேன். நீங்கள் சட்டென்று போனை வைத்துவிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் நீங்களே அழைத்தீர்கள்.

"கண்ணு, கஷாயத்துல சளி மாத்திரய நுணுக்கிப் போட்டுட்டேன். ஜல்தியா போய் சொல்லிடு. இழை அறுந்தா அப்பவே சொல்லிடணும், மறைச்சா பொடவை காட்டிக் குடுத்துடும்."

அழுதுகொண்டே சொன்னீர்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இத்தனை வருட உழைப்பு ஒரு டம்ளரில் போய்விட்டதே என்றுதான் தோன்றியது. ஆனாலும் மருத்துவரிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். உங்கள் மகன் மாத்திரை அட்டையைப் படமெடுத்து அனுப்பினார்.

முதல் சோதனையில் ஏதோ காட்டியது. தேர்வு தள்ளிப்போனது, மறு சோதனை முடிவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் நீங்கள் சரியாகச் சாப்பிடவே இல்லை. முடிவு வந்தது, வெறும் சளி மருந்துதான் என்று. நானே முந்திக்கொண்டு சொல்லியிருந்ததால் பேச்சு அத்தோடு முடிந்தது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், என் 'இல்லை' பொய்யாக நின்றிருக்கும்.

பிறகு தேர்வில் தேறினேன். தெரு முழுக்க லட்டு கொடுத்தீர்கள். "என்னாலதான் லேட்டாச்சு" என்று வீட்டுக்கு வீடு நீங்களே சொல்லிக்கொண்டும் போனீர்கள். யாராவது கேட்டார்களா, அத்தை?

போன வாரம் விமானம் கிளம்பும் முன் என் துணை விமானி தயங்கித் தயங்கி நின்றார். என்னைவிட வயதில் மூத்தவர். "கேப்டன், ராத்திரி ஒரு சளி மாத்திரை போட்டுட்டேன்" என்றார். முகம் வெளுத்திருந்தது.

"சொன்னீங்களே, அதுவே பெருசு. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க" என்றேன். மாற்று ஆள் வரும்வரை விமானம் நின்றது. பயணிகளின் திட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவர், "திட்டுவீங்கன்னு நெனச்சேன். இப்படி யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"எங்க அத்தைகிட்ட" என்றேன்.

"அவங்களும் பைலட்டா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அத்தை.