வெள்ளைச் சீட்டு ஒட்டிய தட்டு

அன்பு மகள் சுண்டுவுக்கு, எட்டுத் திக்கும் புகழ் பரவிய தையல்காரனும், உன்னைப் பெறாமலே வளர்த்த பெருமைக்குரியவனுமான சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்றே நம்புகிறோம்.

உன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய தக்காளி விதைகளைச் சொன்னபடியே இரண்டு தட்டில் போட்டேன். வேகமாக வளர நீ லேசர் வெளிச்சம் காட்டிய விதைக்குச் சிவப்புச் சீட்டு, காட்டாததற்கு வெள்ளை. இரண்டுக்கும் ஒரே ஜன்னல், ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். முதல் இரண்டு வாரம் சிவப்பு போட்ட ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே, செடி தரையைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும் என்று மேல்மாடிக்காரர் வீடு மாற்றப் பார்க்கிறார் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்துவிட்டேன். இந்த ஞாயிறு டேப்பை வைத்தால் சிவப்பு ஆறு இன்ச், வெள்ளை ஆறேகால். முப்பது வருடம் என்னிடம் சோறு தின்ற டேப், எனக்காக ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்கவில்லை. சித்தி பின்னால் நின்று பூரிக்கிறாள். "வெள்ளச் சீட்டுத் தட்டு நோஞ்சானா கெடந்துச்சுங்க, பாவம். வெயில் பக்கமா தள்ளி வச்சேன், நீங்க கடைக்குப் போனதும் இன்னொரு டம்ளர் ஊத்துனேன், கொஞ்சம் உரமும் போட்டேன்" என்றாள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டால், "செடி நல்லா வளந்தா புள்ள இங்கயே வேலைக்கு வந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க, ஒரு தட்டு மட்டும் வளந்தா போதுமா?" என்கிறாள்.

சொன்னது நான்தான். வெளிச்சம் பட்டது படாததை முந்த வேண்டும், அது நம் வீட்டு ஜன்னலிலும் தெரிந்தால்தான் இங்குள்ள விதைப் பண்ணை உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் இன்னும் மூன்று வருடம் அங்கேதான் என்று நீ எழுதியிருந்தாய். அதைச் சித்தியிடம் விளக்காமல் சுருக்கமாகச் சொல்லித் தொலைத்தேன். என் ஆயுளில் நான் சுருக்கமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். வெள்ளிக்கிழமைக்குள் அளவு வேண்டும் என்கிறாய், செடி என்ன சட்டையா, பிரித்துத் தைக்க? அளவை மாற்றி எழுதப் பேனாவை எடுத்தேன். ஊரிலுள்ள பொய்க்கெல்லாம் மொத்த வியாபாரி நான், இந்தக் கால் இன்ச்சை விழுங்க முடியவில்லை. உன் பெயரில் போகிற காகிதம் அல்லவா. உள்ளதை உள்ளபடி பின்பக்கம் எழுதியிருக்கிறேன், சித்தி ஊற்றிய தண்ணீர் உட்பட.

அவள் ஊற்றிய தண்ணீரால்தான் கணக்குக் கெட்டது என்று அவளிடம் சொல்லவில்லை, நீயும் போனில் உளறிவிடாதே. உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்கச் சொன்னாள், தைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதுகூட டம்ளரோடு வந்து நிற்கிறாள், இன்றைக்கு எது வாட்டமாகத் தெரிகிறது என்று கேட்கிறாள். சிவப்பைக் காட்டினேன்.

எந்த டேப்புக்கும் எட்டாத உயரத்துக்கு நீ வளர வேண்டும். கோட்டுப் பொத்தான் தளர்ந்திருந்தால் உடனே தைத்துக்கொள்.

கம்பீரம் குறையாத, கையாலாகாத,
உன் சித்தப்பா