இடப்பக்கம் முதலில் பார்

நியூ லின், ஒக்லாந்து
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல நான், ஆரபி, எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன். இனி அம்மா.

அன்பு மகன் தனோஜனுக்கு, இங்கே அப்பா, தங்கச்சி, நான் மூவரும் சுகம், நீ காலை ஊன்றி வெளியில் நடக்கிறாய் என்று கேட்டால்தான் அது முழுச் சுகம். போன் எடுத்தால் ஓம் அம்மா, சுகம் அம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். உன் கீழ்வீட்டு ரஷ்மி எங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாள், அவளைக் கோபிக்காதே. கால் கட்டு அவிழ்த்த பிறகும் நீ ரோட்டைக் கடக்கவில்லையாம், எதிர்ப்பக்க பஸ் தரிப்புக்குக்கூடப் போகாமல் சாப்பாட்டை வாசலுக்கே எடுப்பிக்கிறாயாம், இப்படியே இருந்தால் வேலை போய்விடும் என்றாள். வேலை போனால் விசாவும் போகும், ஆனால் அதைவிட நீ அறைக்குள்ளேயே இருப்பதுதான் என் நெஞ்சை அடைக்கிறது. இங்கே சின்ன வயதிலிருந்து வலப்பக்கம் பார்த்துத்தான் ரோட்டில் இறங்கினாய், அமெரிக்காவில், அந்த டல்சாவில், கார் இடப்பக்கத்தால் வந்து இடித்துவிட்டது. உடம்பு பழகினதைச் செய்தது ராசா, அதற்கு ஏன் வெட்கப்படுகிறாய்.

நான் வருகிறேன். டல்சாவில் கார் இல்லாமல் ஒன்றும் ஏலாது, வராதே என்பாய். அப்பாவும், ஒக்லாந்துக்குள்ளே இருக்கிற பாட்டனி டவுன்ஸுக்கே என்னை ஏற்றிக்கொண்டு போ என்கிற ஆள் டல்சாவில் பஸ் பிடிக்கப் போறாவாம் என்று நையாண்டி பண்ணினார், பிறகு தானே இருந்து டிக்கெட் போட்டார். மூன்று கிழமை கழித்து வியாழக்கிழமை ஹியூஸ்டனில் இறங்கி, பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுத்து, அங்கேயிருந்து டல்சாவுக்குச் சின்ன விமானம். ரஷ்மி வந்து கூட்டிக்கொண்டு வருவாள். அடுத்த நாள் காலமை நீயும் நானும் பஸ் தரிப்புக்குப் போவோம். எனக்குப் பயமில்லை.

(அண்ணா, அம்மாவுக்குப் பயம். நேற்று ஸ்டேஷனடியில் இடப்பக்கம் முதலில் பார்த்துப் பழகப்போய், வலப்பக்கத்தால் வந்த கார் ஹோர்ன் அடித்து நின்றது. அம்மா பின்வாங்கி நடைபாதையில் ஏறினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் திரும்பவும் கடந்தார். இதை வாசித்துக் காட்டினேன். வெட்டாதே, அவனுக்குத் தெரியட்டும் என்றார்.)

முருகன் உன்னோடு நிற்பான். மருந்துக் குளிசையை வெறும் வயிற்றில் போடாதே. நான் வரும்போது வாசலில் வந்து நில், அது போதும்.

உன் அம்மா

அம்மா விளக்கை அணைத்துவிட்டார், இதைப் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். இடம், வலம், இடம் என்று இருட்டில் மெல்லச் சொல்லிப் பார்க்கிறார்.