மிதித்தும் அமுங்காத மேடு

நைனா,

இன்று காலை எதிர்வீட்டுப் பெரியப்பா முதுகில் சுளுக்கு என்று நம் வாசலில் வந்து குப்புறப் படுத்துக்கொண்டார். "கால் மொதல்ல வந்து பொறந்த பொண்ணாச்சே நீ. வெக்கப்படாம மிதி, கண்ணு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கால் வைத்தேன். அவருடைய விலா எலும்புகள் உள்ளங்காலில் வரிசையாகத் தட்டுப்பட்டன. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது.

உன் வலது மார்புக்குக் கீழே ஒரு மேடு இருந்தது, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்து வைத்ததுபோல. வலியே கிடையாது. நெல் மூட்டை தூக்கித் தூக்கி எலும்பு பிசகிவிட்டது என்று நீயும் ஊரும் முடிவு செய்திருந்தீர்கள். பிசகுக்கு நான்தானே மருந்து! அமாவாசைதோறும் நீ பாயில் மல்லாந்து படுப்பாய். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டின்மேல் குதிகாலை வைப்பேன். "இன்னாடி, கோயிக்குஞ்சி நடக்கிற மாதிரி கீது. சோறு துன்னியா இல்லியா?" என்பாய். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்: "யோவ், பாத்து, பஞ்சராயிடப் போற!"

எனக்குப் பதின்மூன்று வயதானபோது ஓர் அமாவாசையன்று, இந்த முறை எப்படியாவது அமுக்கிவிட வேண்டும் என்று சுவரை விட்டுவிட்டு முழு எடையையும் போட்டு மிதித்தேன். நீ "அம்மாடி!" என்று எழுந்து, விலாவைத் தடவிக்கொண்டே வேலைக்குப் போனாய். மூன்றாம் நாள் திருப்புலிவனத்து அறுப்பு வயலில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். தெருவில், "அந்தக் கட்டிதான் உள்ள போயி ஒடஞ்சிச்சி" என்றார்கள். உள்ளே தள்ளியது யாருடைய கால் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்தியதாகச் சொன்னோம். அது உண்மைதான். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் போனதும் உண்மைதான்.

இந்த வருடம் எனக்கும் அதே இடத்தில் ஒரு மேடு தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது. உன்னை மிதித்ததற்கு இது வந்திருக்கிறது, நானும் அப்படித்தான் விழப்போகிறேன் என்று மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. போன வாரம் என் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கை விலாவுக்கு வந்து நின்றுவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸுக்கே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். எனக்குள்ளே இத்தனை அழகு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, நைனா. கூண்டு வண்டியின் வளைவுகள்போல ஒன்றின்கீழ் ஒன்றாக எலும்புகள். அதில் ஒன்று மட்டும், முருங்கைக் கிளை கவை விடுவதுபோல, முனைக்கு வருமுன் இரண்டாகப் பிரிந்திருந்தது.

"அம்மா வயித்துல இருக்கும்போதே இப்படிப் பிரிஞ்சிருக்கும்மா. வளர வளரத்தான் கைக்குத் தட்டுப்படும். நோய் இல்ல. ஒண்ணும் செய்ய வேண்டாம்."

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "யாராச்சும் மிதிச்சா உள்ள போயிடுமா?"

"எலும்பும்மா அது! மிதிச்சா எங்க போகும்?" என்று சிரித்தார். உனக்கும் இருந்ததை அம்மா சொன்னாள். "அதுவும் இதுவாவே இருந்திருக்கலாம். படம் பார்க்காம சொல்ல முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இரும்புப் பெட்டியின் அடியைத் துழாவினாள். இருமல் நிற்கவில்லை என்று எப்போதோ உனக்கு எடுத்த படம் அங்கே இருந்தது. இரண்டு படங்களையும், இதய நிழல் ஒரே பக்கம் வரும்படி, வாசல் வெளிச்சத்தில் பிடித்தோம். மேலிருந்து எண்ணினேன். எனக்கு ஐந்தாவது எலும்பு. உனக்கும் ஐந்தாவது. அதே கவை.

நீ முதல் மூட்டையைத் தூக்குவதற்கு முன்பே, தவழ்வதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது. அதையே எனக்குள்ளும் வைத்துக்கொண்டு, உன்னுடையதன்மேல் ஏறி நின்று அமுக்கப் பார்த்திருக்கிறேன்! அதன் பக்கத்திலேயே வெள்ளையாக உன் இதயம். எல்லோரும் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். இதயத்தை யாரும் பார்க்கவில்லை.

"நான் மிதிச்சதாலதான் நைனா செத்துட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா" என்றேன்.

"அடிப் பைத்தியமே! நாலு வருசமா இத்தயா மன்சுல வெச்சிக்கினு இருந்த?" என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கையை நீட்டி என் விலாவின்மேல் வைத்தாள். "இங்கதான் குந்திக்கினு கீறாரா ஒங்க நைனா? மூட்ட தூக்காம, ஜாலியா?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். அவள் கைக்கு அடியில் நம் எலும்பு மெல்ல உயர்ந்து இறங்கியது.