டிரைவருக்குக் கிடைத்த லீவு

தொண்டூர்
12-9-1964

என் மச்சானுக்கு ஸலாம்.

சொல்லாம அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க.

நேத்து உங்க டிரைவர் சின்னப்பனோட பொஞ்சாதி ராயம்மாள் நம்ம வீட்டுக்கு வந்து அழுதா. "பஸ் ஏரிக்கரையில சாஞ்சதிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே இவருக்குக் கை நடுங்குதும்மா. வேற மேனேஜரா இருந்தா வேலையை விட்டே அனுப்பியிருப்பாரு. உங்க வூட்டுக்காரரு மொதலாளிகிட்ட சண்டை போட்டு ஒரு மாசம் லீவு வாங்கிக் குடுத்தாரு. தெனம் சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்து, 'இன்னா சாப்ட, தூங்குனியா'ன்னு கேக்குறாரு. இவரும் மனசுவிட்டுப் பேசுறாரு"ன்னா.

தெனம் சாயங்காலமா? ஷெட்டுல வேலை முடியலைன்னுதானே என்கிட்ட சொன்னீங்க?

நல்ல மனுஷன்னு செஞ்சி ஊரே உங்களைச் சொல்லுது. எனக்கு வயிறுதான் எரிஞ்சுது. ஒடஞ்சுபோன ஒரு மனுஷன் மேல பொறாமைப்பட்டேன், அல்லா மன்னிக்கட்டும்.

போன மாசம் ஆஸ்பத்திரியிலிருந்து நான் வெறுங்கையோட திரும்பின அன்னிக்கு, என்னை வாசல்ல இறக்கிவிட்டு, "படுத்துக்க"ன்னு சொல்லிட்டு ஷெட்டுக்குப் போனீங்க. ரெண்டு நாள் இருந்த பிள்ளை. அதும் பேரை அதுக்கப்புறம் நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலை. நான் சாப்பிட்டேனான்னும் கேக்கலை.

அந்த டிரைவர் பக்கத்துல உக்கார முடிஞ்ச உங்களால, என் பக்கத்துல ஏன் முடியலை?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் வாங்க. கோட்டை அடிவாரத்துக் கபர்ஸ்தானுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. பொம்பளைங்க உள்ள வரக்கூடாதுன்னா சுவரோரமா வெளியிலயே நிக்கிறேன். பிள்ளை எந்தப் பக்கம்னு கையைக் காட்டினாப் போதும்.

இப்படிக்கு,
உங்க பொஞ்சாதி