எண்பத்து மூன்றாம் துண்டு

மார்ச் 4, செவ்வாய்

கூட்டத்தில் குழுத்தலைவர் மறுபடியும் அந்தப் படத்தைத் திரையில் போட்டார். பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் எங்கள் புரதம். அதன் நடுக்குழியில் எண்பத்து மூன்றாம் துண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சின்ன மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமாய் வளர்த்தால் குழி அடைபடும், சுவர் எழும்பாது, கிருமி சாகும். அதுதான் கணக்கு.

பிறகு வேதியியல் அக்கா பக்கம் திரும்பினார். "துண்டு கையில இருக்கு. வளர்த்துக் குடுங்கன்னு சொல்லி நாலு மாசமாச்சு. பதினொரு மூலக்கூறு செஞ்சீங்க, ஒண்ணுகூட புரதத்துல ஒட்டல. கோளாறு எங்கேன்னு நீங்களே சொல்லுங்க."

அக்கா வாயே திறக்கவில்லை. இந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. எல்லோர் முன்னாலும் இப்படியா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும்தான் வாய் திறக்கவில்லை — அது வேறு.

மார்ச் 5

அக்கா கழுவின குடுவைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். "என் கையே சரியில்லையோ என்னவோடி" என்றார். பதினைந்து வருடம் வேலை செய்த கை!

மார்ச் 6

மூலப் பதிவைத் திறந்து பார்த்தேன். புரதப் படிகத்தைத் துண்டில் ஊற வைத்து எக்ஸ்ரே எடுத்தால் கிடைப்பது ஒரு மேகம் மட்டும்தான். அதற்குள் எந்த மூலக்கூறு என்று நாம்தான் பொருத்த வேண்டும். எண்பத்து மூன்றாம் துண்டு ஒரு தட்டையான வளையம். மேகமோ வளைந்து கிடக்கிறது. வளையத்தில் பாதி வெளியே துருத்துகிறது.

இது கிளிசரின்! படிகத்தை உறைய வைக்கும் முன் நாங்களே முக்கி எடுக்கிறோமே, அதே கிளிசரின்.

துருத்தல் தெரியாத கோணமாய்ப் பார்த்துப் படத்தை நிறுத்தியிருக்கிறார்கள். யார் கைவரிசை என்று சொல்லவா வேண்டும்? படத்துக்கு மேக்கப் போடுவதில் எங்கள் தலைவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மார்ச் 7

தலைவரிடம் சொன்னேன். "மேகத்துல ஆளாளுக்கு ஒண்ணு தெரியும்மா. ஆதாரம் இருந்தா கொண்டு வா." ஆனால் புதிதாக எக்ஸ்ரே எடுக்க நேரம் தரமாட்டாராம்.

வீட்டில் பொரிந்து தள்ளினேன். "அந்த ஆளைத் திட்ட வேண்டியதுக்கு என்னை ஏம்மா திட்டற?" என்றார் இவர். மகள் வேறு சிரிக்கிறாள்.

மார்ச் 11

எந்தத் துண்டிலும் ஊற வைக்காத வெறும் படிகங்கள் பன்னிரண்டை ஆரம்பத்திலேயே படம் எடுத்து வைப்போம். வைப்பதோடு சரி, யாரும் திறப்பதில்லை. இன்று திறந்தேன். பன்னிரண்டிலும் அதே குழி, அதே மேகம்!

துண்டே அங்கே இல்லை. இல்லாத ஒன்றுக்குக் கையும் காலும் வைத்துக்கொண்டு நாலு மாதமாக ஒருத்தி தன்னையே நொந்துகொண்டிருக்கிறாள். பொருத்தியது யார் என்று நாளைக்கு எல்லோர் முன்னாலும் கேட்கப்போகிறேன். விடமாட்டேன்.

மார்ச் 12

கேட்பதற்கு முன் கோப்பின் வரலாற்றைப் பார்த்தேன்.

அக்டோபர் 17. பொருத்தியவர்: நான்.

பக்கத்திலேயே என் குறிப்பு: 'சந்தேகம். பிறகு பார்க்க வேண்டும்.'

அன்றைக்கு ஒரே நாளில் அறுபது படிகம். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன். அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சரி, மறுநாள் வந்தேனே? அதற்கு மறுநாளும் வந்தேனே? அந்தப் படத்தை எத்தனை கூட்டத்தில் பார்த்திருப்பேன்! குழந்தையின் காய்ச்சலைச் சாக்குச் சொல்ல வெட்கமாயில்லையா உனக்கு?

யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 13

கம்ப்யூட்டர் தானாகப் பொருத்தியது என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். சீ.

மார்ச் 14

முதலில் அக்காவிடம் சொன்னேன், அந்தக் குறிப்பையும் சேர்த்து. எதையோ எடை போட்டுக்கொண்டிருந்தார். முடித்து, எண்ணைக் குறித்து, மூடியை மூடினார்.

"அன்னிக்குக் கூட்டத்துல நீயும் இருந்தியே."

"எனக்கு அப்ப தெரியாதுக்கா."

"சந்தேகம்னு நீயே எழுதி வச்சிருக்கியே."



பிறகு கூட்டத்தில் சொன்னேன். "மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும், விடும்மா" என்றார் தலைவர். எனக்கு மட்டும் என்ன ஒரு பெருந்தன்மை! அக்காவை அன்றைக்குக் குதறிய அதே வாய். 

"சார், அவங்க செஞ்ச பதினொண்ணும் ஒட்டாததுதான் சரியான விடை. அவங்க கை சரி, என் கண்ணுதான் தப்பு. எல்லார் முன்னாடியும் கேட்டீங்க இல்ல? எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க."

 மேஜையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார். மன்னிப்பு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 28

அக்காவுக்கு ஒப்பந்தம் இன்னும் ஓராண்டு நீண்டது. இருப்பதற்கு அவரே ஒரு நிபந்தனை போட்டாராம்: இனி எந்தத் துண்டையும் பொருத்தினவர் மட்டும் முடிவு செய்யக்கூடாது. அதை வளர்க்கப்போகிறவரும் மேகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏப்ரல் 22

இருநூற்றுப் பன்னிரண்டாம் துண்டு. மேகத்துக்குள் அச்சாகப் பொருந்துகிறது. நாலு நாள் நானே குறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் அக்காவிடம் போனேன். இருபது நிமிடம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெறும் படிகத்தோட படம் எங்க?"

எடுத்துப் போகவில்லை. சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு — எனக்கு! போய்க் கொண்டுவந்தேன். பன்னிரண்டிலும் அந்த இடம் காலி. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"டீ குடிச்சிட்டு வரலாமாக்கா?"

"வேலை இருக்கு" என்றார்.