உறைபனியில் பதிந்த கால்கள்

நோபல் பார்க், மெல்பேர்ன்
28.8.1977

அன்புத் தம்பி சச்சி,

நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. டொக்டருக்கு நேரம் எங்கே என்று உன் அண்ணி கல்யாணி உனக்காகப் பரிந்து பேசுகிறாள். நானும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன். எங்கள் இருவருக்கும் சுகத்துக்குக் குறைவில்லை.

நான் வேலை செய்யும் கோல்ஃப் கிளப் இங்கிருந்து மூன்று மணி நேர மலைப்பாதையில் இருப்பதால் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறேன். இந்த வருடம் அங்கே பனி ஆறு கிழமை கிடந்தது. போன கிழமைதான் கரைந்தது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வளர்க்கும் புல்தரையைக் கிறீன் என்பார்கள். பதினெட்டுக் கிறீனிலும் புல் சப்பளிந்து கிடக்கிறது. அங்கங்கே பழைய பாண் துண்டில் பூத்ததுபோல வெளிறிய சிவப்பில் பூஞ்சணம். மூங்கில் வாரியால் மெல்லக் கோதி நிமிர்த்தி, மண்முள்ளால் துளையிட்டு, துளைகளில் மணல் நிரப்புகிறோம். வெயில் ஏறி மண் சூடாகும்வரை வெட்டவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. ஊரில் நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் பன்னிரண்டு வருடம் உறைபனியோடு பழகியவன் என்றுதான் இந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். ஒக்டோபர் முதலாம் திகதிவரை மைதானத்தைத் திறக்க வேண்டாம் என்று கிளப் செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

நேரம் கிடைத்தால் எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

அன்புடன்,
அண்ணா நித்தி


பென்டில் ஹில், சிட்னி
9.9.1977

அன்புள்ள அண்ணா,

உங்கள் கோபம் நியாயம்தான். வார்ட், படிப்பு, பரீட்சை என்று நாட்கள் போய்விடுகின்றன.

பதினாறாம் திகதி மெல்பேர்னில் டொக்டர்மாரின் மாநாடு. மறுநாள் சனிக்கிழமை எங்கள் பெரிய டொக்டர் எங்களில் நாலு பேரைக் கோல்ஃப் விளையாட மலைக்குக் கூட்டிப்போகிறார். உங்கள் கிளப்தான். செயலாளர் அவருடைய நண்பர், எங்களுக்காகத் திறந்துவிடுகிறாராம்.

ஒரு சின்ன விஷயம், அண்ணா. ஸ்பெஷலிஸ்ட் பதவிக்கு என் பெயரை அனுப்புவதும் விடுவதும் பெரிய டொக்டரின் கையில்தான். என் அண்ணா விவசாய ஆராய்ச்சியில் இருக்கிறார் என்று ஒருமுறை அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னாய் என்று கேட்காதீர்கள். அந்த ஒரு சனிக்கிழமை நீங்கள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் நின்றால் நல்லது. அண்ணி பிழையாக நினைக்க வேண்டாம். ஞாயிறு மத்தியானம் உங்களைப் பார்க்க வருகிறேன்.

அன்புத் தம்பி,
சச்சி


நோபல் பார்க்
25.9.1977

சச்சி,

உன் கடிதம் வீட்டுக்கு வந்தபோது நான் மலையில் நின்றேன். இன்றைக்குத்தான் படித்தேன். கல்யாணி படித்தும், வீட்டில் நில்லுங்கள் என்று ஃபோனில் எனக்குச் சொல்ல மனம் வராமல் விட்டுவிட்டாளாம். நீ வருவாய் என்று ஞாயிறு முழுக்கச் சமைத்து வைத்துக் காத்திருந்தாளாம்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் உறைபனி விலகவில்லை. முதலாம் கிறீனைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் செயலாளரோடு வந்தீர்கள். "உறைபனியில் மிதித்தால் புல் செத்துவிடும். பதினொரு மணிவரையாவது பொறுங்கள்" என்று எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். செயலாளர் சிரித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். உன் பெரிய டொக்டர் உன் பக்கம் திரும்பி, "உங்கள் நாட்டுக்காரர்போல இருக்கிறார். தெரியுமா?" என்று கேட்டார்.

நீ என் காலில் மண் அப்பிய சப்பாத்தைப் பார்த்தாய். "இல்லை. எங்கள் நாட்டில் ஆட்கள் நிறைய" என்றாய். பிறகு முதல் ஆளாக நீதான் கிறீனுக்குள் கால் வைத்தாய்.

நீங்கள் நடந்த இடமெல்லாம் மறுநாளே கறுத்தது. நாலு கிறீன் முழுதாகப் போய்விட்டது. சப்பாத்து அடையாளத்தை எண்ணலாம். நான் மண்முள்ளால் குத்தி வேரை அறுத்ததுதான் காரணம், எச்சரிக்கை எதுவும் சொல்லவில்லை என்று செயலாளர் சாதிக்கிறார். ஒக்டோபர் எட்டாம் திகதி கமிட்டி கூடி என்னை விலக்கப் போகிறது.

நான் எச்சரித்ததைக் கேட்டதாக இரண்டு வரி எழுதித் தா. என் தம்பி என்று எழுத வேண்டாம். அன்று விளையாட வந்த டொக்டர் ஒருவர் என்று எழுதினால் போதும்.

அண்ணா


பென்டில் ஹில்
28.9.1977

அன்புள்ள அண்ணா,

நேற்று அண்ணி ஃபோன் எடுத்து அழுதா. "அவர் உம்மட்ட ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை, தம்பி. ரெண்டு வரிதானே" என்றா.

பெரிய டொக்டரின் நண்பரைப் பொய்யர் என்று நான் எழுத்தில் கொடுக்க முடியுமா? டிசம்பரில் பதவி முடிவாகிவிடும். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் செய்கிறேன். இந்தப் புல்லு வேலை போனால் போகட்டும்; சிட்னியில் ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஓர் இடம் பார்த்துத் தருகிறேன். நான் ஸ்பொன்சர் செய்துதான் நீங்கள் இருவரும் இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்பதையும் அண்ணிக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அன்று சொன்னது வாய்தவறி வந்தது. அதைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

சச்சி


நோபல் பார்க்
23.10.1977

தம்பி,

உன் பதிலுக்காகவே ஒக்டோபர் இரண்டாம் திகதி மலையிலிருந்து இறங்கி வந்தேன். படித்துவிட்டு, அதே இடத்தில் இருந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் உன் பெரிய டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உன்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கயிற்றருகில் நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று மட்டும் கேட்டிருந்தேன்.

விழுந்திருக்கிறது. கமிட்டி கூடுவதற்கு முதல்நாள் அவருடைய கடிதம் கிளப்புக்கு வந்தது. "அந்த மனிதர் தெளிவாகச் சொன்னார். கேளாமல் நடந்தது எங்கள் பிழை" என்று எழுதியிருந்தார். வேலை தப்பியது. செத்த புல்லை வெட்டி எடுத்துவிட்டு, நாற்றுப் பாத்தியிலிருந்து புல்லை மண்ணோடு பெயர்த்து வந்து பதித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கும் தனியாக எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: "என்னிடமும் ஒரு டொக்டர் மகாதேவன் இருக்கிறார். உங்களுக்கு உறவா?" அப்பாவின் பெயரைச் சேர்த்துத்தானே நாம் இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஓம் என்று எழுதினால் நீ அவரிடம் சொன்ன பொய் வெளியில் வரும். இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே பதில் போடாமல் விட்டுவிட்டேன். நாளும் பொழுதும் அவர் முகத்தில் விழிக்கிறவன் நீ. கேட்டால் நீயே சொல். எதைச் சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன்.

"ஒருக்கா மன்னிச்சு விடுங்கோவன்" என்கிறாள் கல்யாணி. என்னைத் தெரியாது என்று நீ சொன்னதை எப்படியோ விழுங்கிக்கொண்டேன். என் தம்பி என்று எழுத வேண்டாம் என்று நானே உன்னிடம் கெஞ்சினேனே, அதை நினைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

இனி எனக்குக் கடிதம் போடாதே. வந்தால் பிரிக்காமல் தபாற்காரனிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கல்யாணி அழுதுகொண்டு சரி என்றிருக்கிறாள்.

மகாதேவன் நித்தியானந்தன்