அத்தை இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

என் அன்புக்கும், இன்று காலையிலிருந்து கொஞ்சம் கோபத்துக்கும் உரிய அத்தைக்கு,

உங்கள் முதல் வருஷத் திதி முடிந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மாமா தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறார். நித்யா உங்கள் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் மெட்ராஸுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் உங்களிடம் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும், ஒன்றைக் கேட்கவும் வேண்டும்.

மெட்ராஸ் என்றதும் பதற வேண்டாம். கோபித்துக்கொண்டு போகவில்லை, படிக்கப் போயிருக்கிறேன். நாட்டியம்தான். இருபத்தேழு வயதில், ஆறு வயதுப் பெண்ணை உங்கள் மகனிடமும் மாமாவிடமும் விட்டுவிட்டு.

நீங்கள் ஆரம்பித்து வைத்ததுதானே அத்தை? கொப்பரை காயப்போட்டிருந்த களத்தில் காவலுக்கு நின்றபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டு அடவு போட்டேன். பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது.

“ஏனம்மணி, தரை சுடுதா? இந்தக் குதி குதிக்கறே?”

“இல்லீங்கத்தை. கண்ணாலத்துக்கு முன்னாடி டேன்ஸ் கத்துக்கிட்டனுங்க. பழக்கதோசம்.”

“எங்க, இன்னொருக்கா குதி, பாக்கலாம்.”

வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை, “அம்மணிக்கு முட்டி வலி, டவுன்ல காட்டோணும்” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு என்னை பஸ் ஏற்றினீர்கள். ஆர்.எஸ்.புரத்தில் இறங்கி, பட்டுப் புடவைக் கடையில் வழி கேட்டு, ஒரு மாடிப்படியில் ஏறி நாட்டிய டீச்சர் ஒருவர் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். கைக்குழந்தை நித்யா உங்கள் இடுப்பில் இருந்தாள். அதன்பின் எட்டு மாதம் ஊரே என் முட்டியை விசாரித்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் தைலம்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்.

உங்கள் மகனுக்கு உண்மை தெரிந்த அன்று வீட்டில் நடந்த சண்டையை நான் மறக்கவில்லை. “என்ற மருமவ, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று ஒரே வரியில் முடித்தீர்கள். ஆனால் நாட்டியத்தில் உங்களுக்குப் பிரியம் இருந்ததா என்றால் அதுவும் தெரியவில்லை. என் முதல் நிகழ்ச்சிக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, நான் வணங்கி முடிப்பதற்குள் தூங்கிவிட்டீர்கள். பஸ்ஸில் வரும்போது, “நல்லா ஆடுனியாம் கண்ணு, பக்கத்துல இருந்த பொம்பள சொன்னா” என்றீர்கள்.

பிறகு ஏன் என்னைக் கூட்டிப் போனீர்கள்? நான்கு வருஷம் உங்களுடன் பஸ்ஸில் போய் வந்தும் இதைக் கேட்கவில்லையே நான்.

நீங்கள் போன இரண்டாவது மாதம் இரண்டு வாய்ப்புகள் ஒன்றாக வந்தன. முதலில் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். மூன்று வருஷம் முழுநேரப் பயிற்சி, பணம் வேண்டாம், அவருடைய குழுவில் முதல் இடம். அதற்கு ஒரு நிபந்தனை, வேறு எங்கும் ஆடக்கூடாது. தினமும் காலை பஸ்ஸில் போய் மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இரண்டாவது, மெட்ராஸில் ஒரு நாட்டியப் பள்ளியிலிருந்து தேர்வுக்கு அழைப்பு. விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு வருஷப் படிப்பு, உதவித்தொகை உண்டு. வயது வரம்பில் எனக்கு அதுதான் கடைசி வருஷம். அத்தை, இதற்கு விண்ணப்பம் போட்டபோது நீங்கள் இருந்தீர்கள். நான்தான் சொல்லவில்லை. கிடைக்காது என்று நினைத்தேன். கிடைத்தால் எப்படிச் சொல்வது என்ற பயமும் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு உங்கள் மகன்தான் கூட்டிப் போனார். “போய்ப் பாத்துட்டு வந்துரலாம், மெரினாவப் பாத்த மாதிரியும் ஆச்சு” என்றார். அங்கே ஆட வந்தவர்களுக்குச் சொற்கட்டு சொல்லித் தாளம் தட்ட வேண்டிய பெண்ணுக்குக் காலையிலேயே தொண்டை கட்டிவிட்டது. “உங்களில் யாருக்காவது நட்டுவாங்கம் வருமா?” என்று தேர்வாளர் கேட்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கையைத் தூக்கிவிட்டேன். டீச்சர் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த பழக்கம்தான்.

எனக்கு முன்னால் ஆடியது மதுரைப் பெண், பதினேழு வயதிருக்கும். பயத்தில் அவளுக்கு ஒரு இடத்தில் கால் பின்தங்கிவிட்டது. நான் குரலை அழுத்தி, அடுத்த சொல்லை அவள் காலடியிலேயே கொண்டுபோய் வைத்தேன். அவள் பிடித்துக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது. அத்தை, மேடையில் கைதட்டல் வாங்கியபோதுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. என் முறை வந்து நான் ஆடியது எனக்குச் சரியாக நினைவில்லை. அவளை ஆடவைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

கடிதம் வந்தது. ஆட்டத்தோடு நட்டுவாங்கத்தையும் முறையாகக் கற்றுத்தரத் தயார் என்று எழுதியிருந்தார்கள்.

அதன்பின் வீட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆளாளுக்கு உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

“அம்மா இருந்திருந்தா ஆர்.எஸ்.புரந்தான் சொல்லியிருக்கும். நீ பக்கத்துல இருக்கறதுதான் அம்மாவுக்குப் புடிக்கும்” என்றார் உங்கள் மகன்.

சூலூரிலிருந்து ராஜாமணி அண்ணி வந்து இறங்கினார். உங்கள் மகள்தானே, உங்கள் குரலிலேயே பேசினார். “எங்கம்மா இருந்திருந்தா ரெண்டுமே வேண்டாம்னிருப்பாங்க. புள்ளய உட்டுப்போட்டு ஆடப் போறதுக்கு அவிக ஒத்துக்குவாங்களா? இத்தன நாள் குடுத்த எடமே அதிகம்.”

என்னைப் பெற்ற அம்மாவும் விடவில்லை. “உன்ற மாமியா மகராசி. அவங்க இருந்தா உன்னைய மெட்ராசுக்கே தாட்டி உட்ருப்பாங்க” என்றார்.

எனக்கும் அப்படித்தான். விளக்கு வைக்கும்போதெல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, அத்தை என்ன சொல்லியிருப்பார், என்ன சொல்லியிருப்பார் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் போயிற்று. பதில் எழுத இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

அன்று காலை மாமா தோட்டத்திலிருந்து வந்தார். காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன். “மாமா, அத்தை இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்குத் தெரியாதம்மணி” என்றார். “முப்பத்தஞ்சு வருசம் ஒட்டுக்கா இருந்தோம். நான் ஒண்ணு நெனப்பேன், அவ வேறொண்ணு சொல்லுவா. இப்ப ஆளாளுக்கு அவ பேரச் சொல்லித் தங்களுக்கு வேணுங்கறதப் பேசிட்டிருக்கறாங்க. நீயும் அதையேதான் கேக்கறே. அவ போயிட்டா கண்ணு. நீ என்ன சொல்றே?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். “மெட்ராசு போறனுங்க மாமா. நான் மத்தவங்கள ஆடவைக்கக் கத்துக்கோணும். டீச்சர்கிட்ட இருந்தா நான் நல்லா ஆடுவேன். ஆனா எத்தன வருசம் ஆட முடியும்? இது கைக்கு வந்துட்டா சாகற மட்டும் என்னோட இருக்குமுங்க.”

“புள்ள?”

“அதுதானுங்க…”

“நித்யாவ ஸ்கூலுக்கு நான் மொபெட்டுல கூட்டிட்டுப் போறேன். சடை பின்னறதுக்குத்தான் ஆளில்ல” என்றார் மாமா. உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த உங்கள் மகன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். “எனக்கு இஷ்டமில்ல, அத மறைக்க மாட்டேன்” என்றார். “ஆனா அங்க அந்தப் புள்ளைக்கு நீ தாளம் போட்டப்ப உன்ற மொகத்தக் கதவுகிட்ட நின்னு பாத்தேன். போயிட்டு வா.”

டீச்சரிடம் போய்ச் சொன்னதுதான் கஷ்டம். “போ. ஆனா திரும்பி வந்து என் தெருவுல மட்டும் கிளாஸ் ஆரம்பிச்சிடாத” என்றார். அது ஆசீர்வாதமா கோபமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

போனது சரிதானா என்று அங்கே பல நாள் தவித்திருக்கிறேன். என் அறையில் இருக்கும் பெண்கள் எல்லோரும் என்னைவிட எட்டு, ஒன்பது வயது சின்னவர்கள். அக்கா என்று கூப்பிடுகிறார்கள். நித்யா முதல் மூன்று வாரம் போனில் பேசவே மாட்டேன் என்றாள். எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, அவள் மூச்சுவிடும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவேன். இனி முடியாது, மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று தீர்மானித்த ஒரு சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டேன். மணி ஒருமுறைதான் அடித்திருக்கும்.

“அம்மா! ஆனை வந்துச்சு! புதுசா வெச்ச தென்னம்புள்ள பதிமூணையும் தின்னுபோட்டுப் போயிருச்சு! தாத்தா வைய்யறாரு! லத்தி இத்தாச்சோடு கெடக்குது!”

மாமாவுக்கு அவ்வளவு நஷ்டம், நானோ பூத்தில் நின்று சிரித்துக்கொண்டே அழுதேன். அன்றிலிருந்து வாரம் தவறாமல் பேசுகிறாள். உங்கள் மகன் சடை பின்னக் கற்றுக்கொண்டுவிட்டார். வகிடு மட்டும் கோணல். போன மாதம் எங்கள் நாட்டியப் பள்ளி நிகழ்ச்சியில் முதல் முறையாக ஒரு முழுக் கச்சேரிக்கு நான் நட்டுவாங்கம் செய்தேன். ஆடியவள் அதே மதுரைப் பெண்.

இனி நான் கோபப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை திதிச் சமையலுக்கு ராஜாமணி அண்ணியும் நானும் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். நான் மெட்ராஸ் போனதிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. திடீரென்று, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“அங்க முப்பத்திரண்டு வயசுல எல்லாஞ் சேத்துக்குவாங்களா?”

“யாருக்குங்க அண்ணி?”

“சும்மாத்தான் கேட்டேன்.” பூசணிக்காயில் இன்னொரு கீற்றை அறுத்தார். பிறகு சொன்னார். “ஏழாவது படிக்கறப்ப ஸ்கூல்ல டேன்ஸ் கிளாஸ் போட்டாங்க. சேரட்டுமான்னு கேட்டேன். தோட்டத்துக்காரன் புள்ளைக்கு ஆட்டம் எதுக்குன்னு அம்மா அடிச்சுப் போட்டாங்க. அப்பொறம் நான் கேக்கவே இல்ல. உன்னையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்களே காவேரி. என்னைய ஏன் கூட்டிட்டுப் போகல?”

இதற்கு ஒரு பதில் உங்களிடம் இருந்ததா? அன்று களத்தில் என்னைப் பார்த்தபோது உங்களுக்கு அவர் ஞாபகம் வந்ததா? அப்படியானால் அதை அவரிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே அத்தை. அவருக்குச் சேர வேண்டியதில் ஒரு பங்கை நான் வாங்கிக்கொண்டேனா என்று காலையிலிருந்து எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆனாலும் உங்களை வெறுக்க முடியவில்லை. உங்களுக்காகப் பதில் சொல்லவும் போவதில்லை. அது மாமா எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதனால் என் சார்பில் மட்டும் அண்ணியிடம் சொன்னேன். “இன்னும் ஒரு வருசம் பொறுத்துக்குங்க அண்ணி. நான் படிச்சு முடிச்சு வந்து நம்மூரு தொண்டாமுத்தூர்லயே கிளாஸ் வெக்கறேன். வயசெல்லாம் நான் கேக்க மாட்டேன்.”

“இந்த இடுப்ப வெச்சுக்கிட்டா?” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, “வாரத்துக்கு ரெண்டு நாள்னா சூலூர்ல இருந்து வந்துரலாம்” என்றார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அத்தை. அந்த வகுப்பில் நான் எழுதும் முதல் பெயர் ராஜாமணி. அவர் கால் எவ்வளவு பின்தங்கினாலும் நான் தாளத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

நாத்தனார் உறவைத் தாண்டி, உங்கள் மகளுக்கு இன்றுதான் தங்கையான,
உங்கள் மருமகள்
காவேரி